நடுப்படி எங்கே?



கோயிலுக்கு ஏறிப் போவது பல ஊர்களில் வழக்கம். எங்கள் ஊரில் இறங்கிப் போக வேண்டும். பாலக்காட்டைச் சேர்ந்த கல்பாத்தியில் விசுவநாத சுவாமி கோயில் தெருவின் மட்டத்துக்குக் கீழே, ஆற்றங்கரையை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. ஆகவே அதைக் குண்டுக் கோயில் என்பார்கள். தெருவிலிருந்து கோயிலுக்குப் படிகள். கோயிலைத் தாண்டி ஆற்றுக்குப் படிகள். அந்தப் படிகளில்தான் நான் நடை பழகினேனாம். ஒரு படியில் இரண்டு காலும் ஊன்றிய பிறகே அடுத்த படிக்குக் காலை நீட்டப் பாட்டி விடுவாளாம். "அவசரப்படாதேடா கோந்தே, படி எங்கேயும் ஓடிப் போயிடாது" என்பாளாம்.

படி ஓடிப் போகாதுதான். ஆனால் நடுவில் ஒரு படியே இல்லாமல் இருந்தால் குழந்தை என்ன செய்யும்? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. நான் பேச வந்தது கோயிற்படியை அன்று, பள்ளிப்படியை.

என்னைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். என் முன்னோர் பல தலைமுறைகளுக்கு முன் சோழ நாட்டிலிருந்து கணவாயைக் கடந்து பாலக்காட்டுக்கு வந்தவர்கள் என்பது எங்கள் வீட்டு வரலாறு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அன்று கேரள மாநிலம் பிறந்தது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். எல்லைக்கோடுதான் எங்களைத் தாண்டிப் போயிற்று. வீட்டில் தமிழ், தெருவில் தமிழும் மலையாளமும், பள்ளியில் மலையாளம், மேனிலை வகுப்பு முதல் ஆங்கிலம்: இதுதான் நான் ஏறிவந்த வழி. இன்று இருபத்து மூன்று வயதில் இயற்பியல் முதுகலை படிக்கிறேன். தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிக்கப் பாட்டி கற்றுத் தந்தாள். பிழையின்றி எழுதக் கற்றது இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, நம் சங்க நண்பர்களிடம். ஐந்தாண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்தை என்னால் எழுதியிருக்க முடியாது.

சென்ற கோடை விடுமுறையில் என் பெரியம்மாவின் பெண் வளைகுடா நாட்டிலிருந்து கல்பாத்திக்கு வந்திருந்தாள். உடன் அவள் மகன் வந்திருந்தான். பத்து வயது. அங்கே ஒரு பன்னாட்டுப் பள்ளியில் தொடக்க நிலையின் கடைசி ஆண்டுக்குப் போகப் போகிறவன். வந்த மறுநாள் காலை கையில் ஒரு குறிப்பேட்டுடன் என்னிடம் வந்தான். "மாமா, என்னை ரிவருக்குக் கூட்டிண்டு போ" என்றான். குளிக்கவா என்றேன். இல்லை, கேள்வி கேட்க என்றான்.

குறிப்பேட்டைப் பார்த்தேன். இந்த ஆறு எங்கே தொடங்குகிறது? யார் யார் இதைப் பயன்படுத்துகிறார்கள்? முன்பு எப்படி இருந்தது? இப்போது ஏன் மாறிற்று? நான் என்ன செய்யலாம்? இப்படி ஐந்து கேள்விகள், அவன் கையெழுத்தில், ஆங்கிலத்தில். பத்து வயதில் என் குறிப்பேட்டில் விடைகள் மட்டுமே இருந்தன, கேள்விகள் இருந்ததில்லை. எனக்குப் பொறாமை வந்தது. அந்தப் பொறாமைதான் அவன் படிக்கும் கல்வித் திட்டம் எப்படிப் படிப்படியாக ஏறுகிறது என்று என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

பன்னாட்டுப் பள்ளி என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவு வருவது கழுத்துப் பட்டையும் குளிர்பதன அறையும் கொழுத்த கட்டணமும். அவை உண்மைதான். ஆனால் அவை அதன் சட்டை, உடல் வேறு. அதன் தொடக்கம் 1924-இல். உலக நாடுகளின் சங்கம் ஜெனிவாவில் இயங்கிய காலம். பல நாட்டு அலுவலர்களின் குழந்தைகள் ஒரே ஊரில் கூடிவிட்டார்கள். அவர்களுக்காக அங்கே ஒரு பன்னாட்டுப் பள்ளி எழுந்தது. இன்று ஜெனிவாவில் படிக்கும் குழந்தை நாளை வேறொரு நாட்டில் படிக்க வேண்டும். எங்கே போனாலும் படிப்பு அறுந்துபோகக் கூடாது. இந்தத் தேவையிலிருந்து 1968-இல் 'இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்' என்னும் அமைப்பு தோன்றிற்று. சுருக்கமாக ஐ.பி. என்பார்கள். ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்காகப் பிறந்த கல்வித் திட்டம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புலம்பெயர்ந்த தமிழன் அதைப் பற்றிப் பேசுவதில் ஒரு பொருத்தம் உண்டு.

அந்த அமைப்பு முதலில் கட்டியது உச்சிப்படியை. பதினாறு முதல் பத்தொன்பது வயது வரையிலான பட்டயத் திட்டம் அது. ஆறு பாடங்கள், பாடத்துக்கு ஏழு மதிப்பெண், அதற்கு மேல் மூன்று, ஆக 45. மாணவன் தானே தேர்ந்த பொருளில் நாலாயிரம் சொற்களுக்கு உட்பட்டு ஓர் ஆய்வுரை எழுத வேண்டும். அறிவு என்பது எப்படி உண்டாகிறது என்று ஆராயும் ஒரு வகுப்பும் உண்டு. பிறகுதான் அவர்கள் கீழே திரும்பிப் பார்த்தார்கள். ஆய்வுரை எழுதும் பழக்கம் பதினேழு வயதில் திடீரென்று முளைக்குமா? 1994-இல் பதினொன்று முதல் பதினாறு வயதுக்கான இடைநிலைத் திட்டம் வந்தது. 1997-இல் மூன்று முதல் பன்னிரண்டு வயதுக்கான தொடக்கநிலைத் திட்டம் வந்தது. மாடியைக் கட்டிவிட்டுப் பிறகு படிக்கட்டைக் கட்டிய கதைதான். ஆனால் படிக்கட்டு இல்லை என்பதை உணர்ந்து கட்டினார்களே, அதைப் பாராட்ட வேண்டும்.

படிகள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்று பாருங்கள். தொடக்கநிலையின் இறுதியாண்டில் குழந்தைகள் கூடி ஒரு பொருளை ஆராய்ந்து பெற்றோர் முன்னிலையில் கண்காட்சியாக வைக்கிறார்கள். என் மருமகனின் ஆற்றுக் கேள்விகள் அதற்கான முன்னேற்பாடு. இடைநிலையின் இறுதியாண்டில் ஒவ்வொருவரும் தனித்து ஒரு செயல்திட்டம் செய்கிறார்கள். உச்சிப்படியில் ஆய்வுரை. பத்து வயதில் கூட்டாகக் கேட்ட கேள்வி, பதினைந்து வயதில் தனியாகக் கேட்கும் கேள்வியாகி, பதினேழு வயதில் எழுத்தாகிறது. செயல் ஒன்றுதான், ஆழம்தான் கூடுகிறது.

கேம்பிரிட்ஜ் வகுத்த பன்னாட்டுப் பாடத்திட்டமும் இவ்வாறே மழலை, தொடக்கம், கீழ் இடைநிலை, மேல் இடைநிலை, உயர்நிலை என்று ஏறுகிறது. அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒரே ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு இந்தப் படிகளில் ஏறிப் பார்த்தேன். மிதத்தல் என்ற கருத்து அது. மழலை வகுப்பில் ஒரு தொட்டித் தண்ணீர். இலையைப் போடு, கல்லைப் போடு, எது மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று பார். தொடக்க வகுப்பில், மூழ்கும் களிமண்ணை மிதக்கும்படி செய்யமுடியுமா என்று கேள். குழந்தை அதைக் கிண்ணமாகப் பிசைந்து மிதக்க விடும். அடுத்த நிலையில் நிறையையும் பருமனையும் அளந்து அடர்த்தி காண்பது. பதினாறு வயதுத் தேர்வில், அடர்த்தியைக் கொண்டு மிதக்குமா மூழ்குமா என்று முன்கூட்டியே சொல்வது. உயர்நிலையில், பொருளின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் நீரழுத்தம் வேறுபடுவதால் மேல்நோக்கிய விசை எழுகிறது என்று கணக்கால் நிறுவுவது. மூன்று வயதில் கண்ட இலையும் பதினெட்டு வயதில் எழுதும் சமன்பாடும் ஒரே உண்மையின் இரண்டு முனைகள்.

இந்த எண்ணம் அவர்களுக்கே உரியதன்று. 1957-இல் உருசியர் விண்ணில் ஸ்புட்னிக்கை ஏவியபின் அமெரிக்கர் தம் பள்ளிக் கல்வியைப் பற்றிக் கவலை கொண்டனர். 1959-இல் அறிஞர்கள் கூடி ஆராய்ந்தனர். அதன் பயனாக 1960-இல் ஜெரோம் புரூனர் என்னும் உளவியல் அறிஞர் ஒரு சிறு நூல் எழுதினார். எந்தக் கருத்தையும் எந்த வயதுக் குழந்தைக்கும் அதன் வயதுக்கேற்ற நேர்மையான வடிவில் கற்பிக்கலாம்; பிறகு அதே கருத்துக்கு மீண்டும் மீண்டும் திரும்பி வந்து ஆழப்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. அதைச் சுருள் பாடத்திட்டம் என்பார்கள். நம் அரசுப் பாடநூல்களும் இந்தக் கொள்கையை அறியாதவை அல்ல. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பாடநூல்களைப் புரட்டுங்கள்; நீரும் ஒளியும் மின்சாரமும் வகுப்புக்கு வகுப்பு திரும்பி வருவதைக் காண்பீர்கள். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயதிலிருந்து பதினெட்டு வயது வரையில் ஐந்து, மூன்று, மூன்று, நான்கு ஆண்டுகள் என்று படி பிரித்துக் காட்டுகிறது. அக்கொள்கையின் வேறு பகுதிகளில் நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் படிகள் வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை. தாளில் படி எங்கும் இருக்கிறது.

அப்படியானால் குறை எங்கே? என் கதையைச் சொல்கிறேன்.

குழந்தையாக ஆற்றில் பூவை விட்டேன். "பாரு, மிதக்கறது" என்றாள் பாட்டி. அது முதற்படி, அதன் மொழி தமிழ். பள்ளியில் மலையாளத்தில் 'சாந்திரதா' என்றும் 'பிலவக்ஷமபலம்' என்றும் படித்தேன். அது இரண்டாம் படி. மேனிலை வகுப்பில் ஆசிரியர் 'டென்சிட்டி' என்றார், 'அப்த்ரஸ்ட்' என்றார். அது மூன்றாம் படி. மூன்றும் ஒன்றே என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சாந்திரதாவைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். டென்சிட்டியைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். பாட்டியின் மிதப்புக்கு மதிப்பெண் இல்லை. ஆதலால் அதை மறந்தேன். பாடத்திட்டம் சுருளாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் மொழி மாறியதால், நான் பழைய இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறேன் என்பதை என்னால் அறியமுடியவில்லை. ஒவ்வொரு முறையும் புதிய ஊருக்கு வந்தவனைப்போல் விழித்தேன்.

என் வகுப்பில் ஒரு தோழி இருக்கிறாள். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பெற்றோர் இருவரும் தோட்டத் தொழிலாளர். அவள் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு. கேரள அரசே தமிழில் பாடநூல் அச்சிட்டு அளிக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுதலாம். இது சிறிய நன்மையன்று; நன்றியோடு சொல்ல வேண்டிய ஒன்று. அவளும் நன்றாகவே எழுதித் தேறினாள். பிறகு மலையிறங்கி மேனிலை வகுப்பில் அறிவியல் எடுத்தாள். முதல்நாள் முதற்பாடம் ஆங்கிலத்தில். அவளே சொன்னாள்: "எனக்குத் தெரிந்ததையே நடத்துறாங்கன்னு தெரிஞ்சுக்கவே எனக்கு ஆறு மாசம் ஆச்சு." அந்த ஆறு மாதத்தில் அவளோடு மலையிறங்கிய மற்ற இருவர் அறிவியலை விட்டு வேறு பிரிவுக்குப் போய்விட்டார்கள். மதிப்பெண்ணில் அவர்கள் இவளுக்குக் குறைந்தவர்கள் அல்லர்.

ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் நானும் அவளும் ஒரு திரவத்தின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தோம். "அடர்த்தின்னா அடர்ந்து இருக்கிறதுதானே, எங்க மலைக்காடு மாதிரி" என்றாள் அவள். நான் அளப்பதை நிறுத்திவிட்டேன். அடர்ந்த காடு, அடர்ந்த கூந்தல், அடர்த்தி! ஒரு சிறு இடத்துக்குள் எவ்வளவு பொருள் நெருங்கி நிற்கிறது என்பதுதானே அந்த அளவு? சாந்திரதா என்னும் சொல்லை ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன். அது எனக்கு ஓர் ஒலி. ஒரு மலையாளக் குழந்தைக்கு அது ஒருவேளை பொருளோடு வந்திருக்கலாம். எனக்கு வரவில்லை. டென்சிட்டியும் ஒலிதான். அடர்த்தி என்ற சொல்தான் தன் பொருளைத் தானே சொல்லிக்கொண்டு வந்தது. முதுகலை வகுப்பில் இருந்துகொண்டு அன்றுதான் நான் அடர்த்தியைப் படித்தேன் என்றால் நீங்கள் சிரிக்கலாம். ஆனால் உண்மை அதுவே.

ஆக, எங்கள் இருவருக்கும் வெவ்வேறு படிகள் இல்லை. எனக்கு அடிப்படி இல்லை. வீட்டு மொழி பள்ளி வாசலில் நின்றுவிட்டது. அவளுக்கு அடிப்படிகள் உறுதியாக இருந்தன. பத்தாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் இடையில் ஒரு படி இல்லை. இந்த நடுப்படி இல்லாமைதான் நம் பக்கத்து எல்லைப்புறத் தமிழ்க் குழந்தைகளின் உண்மையான இடர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது, ஏழாம் திருத்தத்தின் வாயிலாக அரசியலமைப்பில் 350-அ என்னும் பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழியே கற்பிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்கிறது அது. நல்ல பிரிவு. ஆனால் கூர்ந்து பாருங்கள். அது தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. கேரள அரசு அதற்கு மேலும் சென்று பத்தாம் வகுப்பு வரை தமிழுக்கு இடம் தந்திருக்கிறது. எனினும் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் குழந்தை எப்படிக் கால் வைக்கும் என்பதைச் சட்டம் சொல்லாது. அது சட்டத்தின் வேலையன்று. ஆசிரியர் வேலை, பெற்றோர் வேலை, நம்மைப் போன்றோர் வேலை.

இங்கே சிலர் குறுக்கிடுவார்கள். "இதற்குத்தான் சொல்கிறோம், மழலை வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தில் படிக்க வைத்துவிடுங்கள்; இடையில் மொழி மாறும் தொல்லையே இல்லை" என்பார்கள். இதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. தோட்டத்திலே கொழுந்து கிள்ளும் தாய் தன் மகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப ஏங்குகிறாள் என்றால், அவள் தமிழை வெறுக்கிறாள் என்று பொருளில்லை. அந்தப் பதினொன்றாம் வகுப்புச் சறுக்கலை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். அவளைப் பழித்து மேடையில் பேசுவது எளிது. அவளுக்கு விடை சொல்வதுதான் கடினம்.

என் மருமகனிடமே அந்த விடையின் ஒரு பகுதி கிடைத்தது. அவன் மழலை முதல் ஆங்கிலத்திலேயே படிக்கிறவன். அவன் படிக்கட்டில் ஒரு கல்லும் குறையவில்லை. அவனை அழைத்துக்கொண்டு ஆற்றுப்படியில் இறங்கினேன். பாட்டியும் உடன் வந்தாள். எண்பதைத் தாண்டியவள். அவன் குறிப்பேட்டின் மூன்றாம் கேள்வி, ஆறு முன்பு எப்படி இருந்தது என்பது. அதற்கு அந்தத் தெருவிலேயே சிறந்த விடை பாட்டியிடம் இருந்தது. மலம்புழை அணை 1955-இல் கட்டி முடிந்தது. அணைக்கு முந்தைய ஆற்றைக் கண்ணால் கண்டவள் அவள். "மழைக்காலம் வந்தா இந்தப் படி ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாதுடா கோந்தே. பொழை அப்படியே மேலே ஏறி வரும். ராத்திரி சத்தம் கேட்டுண்டே தூங்குவோம்" என்று தொடங்கினாள். எங்கெங்கே சுழி இருந்தது, எந்தப் படியில் யார் துவைப்பார்கள், எந்தக் கோடையில் மணல் தெரிந்தது என்று அரைமணி நேரம் சொன்னாள். பையன் பேனாவைத் திறந்தபடி நின்றான். முகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மாமா, பாட்டி என்ன சொல்றா?" என்றான். கேட்டால் ஓரளவு புரியும் என்றுதான் நினைத்திருந்தோம். இவ்வளவு புரியவில்லை. நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அரைமணி நேரப் பேச்சு ஐந்து வரியாகச் சுருங்கி அவன் குறிப்பேட்டில் ஏறிற்று. அந்த இரவுச் சத்தம் அதில் ஏறவில்லை.

உலகத்தின் மிகச் சிறந்த படிக்கட்டுகளில் ஒன்றில் ஏறுகிற குழந்தை, தன் கொள்ளுப்பாட்டியின் ஒரு படியில் இறங்க முடியாமல் நின்றதைப் பார்த்தேன். அது அவன் குற்றமன்று. வியப்பு என்னவென்றால், அவன் படிக்கும் கல்வித் திட்டமும் அதை விரும்பவில்லை. பாக்கலாரியேட் அமைப்பு மாணவரின் தாய்மொழியைப் பேணும்படி பள்ளிகளுக்குச் சொல்கிறது. பட்டயத் திட்டத்தில், பள்ளியில் கற்பிக்க ஆசிரியர் இல்லாத தாய்மொழியின் இலக்கியத்தைக்கூட மாணவர் பள்ளியின் துணையோடு தாமே படித்து முதல்மொழிப் பாடமாக எழுத வழி வைத்திருக்கிறது. கதவு திறந்திருக்கிறது, நம் பெற்றோர்தாம் தட்டுவதில்லை. பணம் கட்டி வாங்குகிற கல்வியில் தமிழையும் கேட்டு வாங்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

தமிழில் அறிவியல் மேலே ஏறாது என்பார்க்கு வரலாறு விடை சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழில் மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். இன்றும் இலங்கையில் தமிழ் மாணவர் உயர்தரத் தேர்வின் இயற்பியலையும் வேதியியலையும் உயிரியலையும் தமிழிலேயே எழுதி, மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகிறார்கள். பல்கலைக்கழகத்தில்தான் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். சிங்கப்பூர் வேறு வழி கண்டது. அங்கே அறிவியல் ஆங்கிலத்தில்தான். ஆயினும் தமிழ்க் குழந்தை தொடக்கப்பள்ளி முதல் இடைநிலை வரை தமிழை ஒரு பாடமாகப் படித்துத் தேர்வு எழுதுகிறது. ஓரிடத்தில் மொழிமாற்றம் காலந்தாழ்த்தி வருகிறது. மற்றோரிடத்தில் இரு மொழியும் உடன் நடக்கின்றன. இரண்டும் குறையற்றவை என்று நான் சொல்லவில்லை. இரண்டிலும் யாரோ உட்கார்ந்து, குழந்தை எந்த வயதில் எந்த மொழியில் எங்கே காலை வைக்கும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நம் எல்லைப்புறத்தில் அதை எண்ணிப் பார்க்கும் பொறுப்பைப் பதினைந்து வயதுக் குழந்தையிடமே விட்டிருக்கிறோம்.

இங்கே ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். மூணாற்று மலைகளும் கொடைக்கானல் மலைகளும் அடுத்தடுத்து நிற்பவை. கொடைக்கானலில் 1901-இல் தொடங்கிய ஒரு பள்ளி 1976-இல் பாக்கலாரியேட் பட்டயத்தை ஏற்றது. இந்தியாவில் அதை முதலில் ஏற்ற பள்ளி அதுவே. அப்படியானால் அந்தப் படிக்கட்டு நம் மலைக்கு வந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டாகிறது. மலைக்கு இப்பக்கம் என் தோழியின் தோட்டப் பள்ளி. அங்கே கட்டும் கட்டணத்தை இங்கே கொழுந்து கிள்ளும் கை ஓராண்டு முழுதும் கிள்ளினாலும் ஈட்டாது. அக்கட்டணத்தை நாம் கொண்டுவர முடியாது. ஆனால் அந்தக் கல்வியின் உயிர் கட்டணத்தில் இல்லை என்பதைத்தான் இதுவரை சொன்னேன். ஒரு படியின் முடிவு அடுத்த படியின் தொடக்கமாக இருக்க வேண்டும்; குழந்தைக்கு முன்பே தெரிந்ததை நினைவூட்டிவிட்டுப் புதியதைச் சொல்ல வேண்டும். இதற்குக் காசு வேண்டாம், கருத்து வேண்டும்.

ஆகவே நம் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, ஒரு சிறு கையேடு. பத்தாம் வகுப்புத் தமிழ்வழி அறிவியல், கணக்குப் பாடநூல்களில் உள்ள கலைச்சொற்களையும் பதினொன்றாம் வகுப்பில் அவற்றுக்கு வரும் ஆங்கிலச் சொற்களையும் எதிரெதிரே அச்சிட வேண்டும். அடர்த்திக்கு எதிரே டென்சிட்டி, முடுக்கத்துக்கு எதிரே ஆக்ஸிலரேஷன், உந்தத்துக்கு எதிரே மொமென்டம். வெறும் பட்டியல் போதாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கமும் ஓர் எளிய கணக்கும் வேண்டும். இயற்பியலை நானும் என் தோழியும் ஏற்றுக்கொள்கிறோம். வேதியியலுக்கும் உயிரியலுக்கும் கணக்குக்கும் உங்களில் யார் வருகிறீர்கள்?

இரண்டாவது, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து பதினொன்றாம் வகுப்புத் திறக்கும் வரை உள்ள கோடை வாரங்கள். மூணாற்றிலும் பாலக்காட்டிலும் சித்தூரிலும் ஊர் உள்ள நம் மாணவர் விடுமுறைக்கு எப்படியும் வீட்டுக்குப் போகிறோம். அந்த வாரங்களில் ஒரு பள்ளித் திண்ணையிலோ நூலகத்திலோ பத்துக் குழந்தைகளைக் கூட்டி, தெரிந்த பாடத்தையே தெரியாத மொழியில் மெல்லச் சொல்லித் தரலாம். முதல் வாரம் முழுதும் தமிழ். இரண்டாம் வாரம் பாதிப்பாதி. மூன்றாம் வாரம் ஆங்கிலம். அதுதான் நான் சொன்ன நடுப்படி. அது இருந்திருந்தால் என் தோழிக்கு ஆறு மாதம் மிஞ்சியிருக்கும். அவளோடு வந்த இருவரும் இன்று நம்மோடு இங்கே இருந்திருக்கலாம்.

மூன்றாவது என்னைப் போன்றவர்களுக்கு. பேசத் தெரிந்து எழுதத் தெரியாத தமிழர் நம் விடுதியிலேயே இருக்கிறார்கள். கேலிக்கு அஞ்சி வாய் திறக்க மாட்டார்கள். நானும் ஓராண்டு திறக்கவில்லை. என் றகர ரகரப் பிழையைச் சிரிக்காமல் திருத்திய ஒரு நண்பனால்தான் நான் சங்கத்துக்குள் வந்தேன். வாரம் ஒருநாள் மாலை, சிரிக்காத நண்பர் இருவர் ஒரு மேசையில் இருந்தால் போதும். இலக்கிய விழா நடத்துவதைவிட இது பெரிய தொண்டு என்று நான் துணிந்து சொல்வேன். விழாக் குழுவினர் பொறுத்தருள்க.

இவற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. மேனிலை வகுப்பில் தமிழ் அறிந்த அறிவியல் ஆசிரியரைப் பணியில் அமர்த்துவது அரசின் கடமை. அதை நாம் முறையாகக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அரசு வரும்வரை குழந்தை படியில் நிற்காது. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு வகுப்பு மலையிறங்குகிறது.

ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் என் மருமகன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து நீட்டினான். "பொழைன்னு தமிழ்லே எழுதிக் காட்டு மாமா" என்றான். புழை என்று எழுதினேன். ழகரத்தின் சுழியில் ஒரு கணம் என் கை தயங்கிற்று. எனக்கும் அது தாமதமாக வந்த எழுத்துத்தானே. அவன் அதைப் பார்த்து ஓவியம் வரைவதுபோல் வரைந்தான். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "ழகரத்துக்கு வால் போறலை. இன்னொரு தரம் எழுதுடா கோந்தே" என்றாள்.

அவன் எழுதினான்.